39 பவுண் தண்டமும் 10 பவுண் கடிதமும்

இங்கிலாந்தில் வங்கிக் கணக்கு வைத்திருக்கக் காசு கொடுக்கத் தேவையில்லை. கணக்குத் திறக்கக் கட்டணமில்லை, காசோலைப் புத்தகத்துக்குக் கட்டணமில்லை, மாதாமாதம் வரும் கணக்கறிக்கைக்கும் கட்டணமில்லை. எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1984ஆம் ஆண்டின் இறுதியில் மிட்லண்ட் வங்கிதான், கணக்கில் மீதி இருக்கும்வரை கட்டணம் அறவிடுவதில்லை என்று முதலில் அறிவித்தது. வாடிக்கையாளரை இழக்கப் பயந்து மற்றப் பெரிய வங்கிகளும் அதே வழிக்கு வந்தன. அடுத்த இருபது ஆண்டுகளில் அது மக்கள் தங்கள் உரிமையாகவே எண்ணும் வழக்கமாகிவிட்டது.

இலவசமாகக் கிடைக்கும் எதற்கும் வேறு யாரோ ஒருவர் காசு கட்டிக்கொண்டிருக்கிறார். இந்த இலவசத்துக்குக் கட்டியவர்கள் யார், அந்தக் காசைத் திருப்பிக் கேட்க அவர்கள் எப்படித் துணிந்தார்கள், அந்தப் போராட்டம் எங்கே தோற்றது, தோற்ற பிறகும் எதை வென்றது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். நான் ஈஸ்ட் ஹாமில் சிறு கடைகளுக்குக் கணக்கெழுதுகிறவன். பகலில் கடைக்காரரின் வற் வரிக் கணக்கு, மாலையில் அயலவரின் கடிதங்கள். கவுன்சிலும் ஹோம் ஒஃபிஸும் வங்கியும் அனுப்பும் கடிதங்களைப் படித்து விளக்க ஆள் தேடி வருகிறவர்களுக்கு, என்னால் முடிந்ததைச் செய்துகொடுப்பேன். இந்த வரலாற்றின் ஒரு பகுதி என் மேசை வழியாகவும் போயிருக்கிறது.

கட்டணம் கட்டியவர்கள் கணக்கில் காசு இல்லாதவர்கள். அனுமதித்த மேலதிகப்பற்றைத் தாண்டினால் ஒரு கட்டணம். காசோலையோ டைரக்ட் டெபிட்டோ காசில்லாமல் திரும்பினால் இன்னொரு கட்டணம். காசில்லாவிட்டாலும் பெரியமனது வைத்து வங்கி அதைச் செலுத்திவிட்டால் அதற்கும் ஒரு கட்டணம். 2006இல் இவை ஒவ்வொன்றும் பொதுவாக 25 பவுணிலிருந்து 39 பவுண் வரை இருந்தன. நேர்மையான வர்த்தக அலுவலகம், அதாவது எல்லோரும் ஓ.எஃப்.டி. என்று சொன்ன அரச அமைப்பு, 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, தனிநபர் நடைமுறைக் கணக்குகளிலிருந்து வங்கிகளுக்கு 2006இல் கிடைத்த வருமானம் 830 கோடிப் பவுண். அதில் ஏறக்குறைய 260 கோடி, கணக்கில் காசு போதாதவர்களிடம் அறவிட்ட கட்டணம். பத்தில் மூன்று பங்கு. ஒரு பிள்ளைகூட இந்தக் கணக்கைப் போடும்: காசுள்ளவருக்கு இலவச வங்கிச் சேவை, அதன் செலவில் ஒரு பெரிய பங்கு காசில்லாதவரின் தலையில்.

இந்தக் கட்டணம் எப்படி வேலை செய்தது என்பதைத் தொகையோடு பார்த்தால்தான் விளங்கும். கனரி வார்ஃபில் விடியப்புறம் அலுவலகங்கள் துப்புரவு செய்த ஓர் அக்காவின் கணக்கறிக்கையை மஞ்சள் பேனையால் கோடிட்டு வைத்திருந்தேன். அந்த மாதம் அவருடைய கணக்கில் 187 பவுண் இருந்தது. சீட்டு நடத்துகிறவருக்கு 200 பவுணுக்குக் காசோலை கொடுத்திருந்தார். வார இறுதியில் சம்பளம் விழும், அதன் பிறகு போடுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார். சீட்டுக்காரர் முந்திவிட்டார். 13 பவுண் குறைந்ததால் காசோலை திரும்பியது, 38 பவுண் கட்டணம் போனது. மீதி 149. அடுத்து கவுன்சில் வரி 92 பவுண் போனது, மீதி 57. அதற்கடுத்த நாள் காஸுக்கும் மின்சாரத்துக்குமான டைரக்ட் டெபிட் 61 பவுணுக்கு வந்தது. முதற் கட்டணத்தை எடுத்திராவிட்டால் அதைச் செலுத்தக் காசு இருந்திருக்கும். எடுத்துவிட்டதால் 4 பவுண் குறைந்தது, அதுவும் திரும்பியது, இன்னொரு 38. மீதி 19. தொலைபேசிக்கு 24 பவுண் வந்தது. அதுவும் திரும்பியது, மூன்றாவது 38. இப்போது கணக்கு பூச்சியத்துக்குக் கீழே 19 பவுணில் நின்றது. அனுமதியில்லாமல் மேலதிகப்பற்றுக்குப் போனதற்கு அந்த மாதத்துக் கட்டணம் 28. ஆக மொத்தம் 142 பவுண். தொடக்கத்தில் குறைந்தது 13 பவுண்.

காசோலை திரும்பியதால் வங்கிக்கு என்ன செலவு? கணினி தானே முடிவெடுக்கிறது, தானே கடிதம் அச்சிடுகிறது. தாளும் தபால் முத்திரையும் சேர்ந்தாலும் 38 பவுண் வராது என்று அந்த அக்காவுக்குத் தெரிந்திருந்தது. “நான் பிழை விட்டனான் தம்பி, அதுக்குத் தண்டம் கட்டத்தான் வேணும். ஆனா இவ்வளவோ?” என்று கேட்டார். அவர் கேட்டது சட்டம் நூறாண்டுகளாகக் கேட்டுவந்த அதே கேள்வி.

ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் ஒரு பழைய விதி இருந்தது. ஒப்பந்தத்தை மீறியவரிடமிருந்து மற்றவர் இழப்பீடு பெறலாம், அவரைத் தண்டிக்க முடியாது. தண்டிப்பது அரசின் வேலை, வியாபாரியின் வேலையல்ல. 1915இல் டன்லொப் டயர் நிறுவனம், குறித்த விலைக்குக் குறைவாக டயர் விற்ற ஒரு கடைக்காரரிடம், ஒப்பந்தத்தில் எழுதியபடி டயர் ஒன்றுக்கு 5 பவுண் கேட்டு வழக்காடியது. அது பிரபுக்கள் சபை வரை போனது. கடைக்காரர் தோற்றார்; 5 பவுண் நியாயமான இழப்பீடுதான் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் அந்த வழக்கில் டனீடின் பிரபு வகுத்த அளவுகோல் நிலைத்தது. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகை, ஏற்படக்கூடிய நட்டத்தை நேர்மையாக முன்கூட்டி மதிப்பிட்டதாக இருந்தால் செல்லும். பயமுறுத்துவதற்காக எழுதப்பட்டதாக இருந்தால் செல்லாது. அதன்மேல் 1993ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறையைப் பின்பற்றி 1999இல் இங்கே வந்த விதிகள், நுகர்வோர் ஒப்பந்தங்களில் நியாயமற்ற நிபந்தனைகள் கட்டுப்படுத்தா என்றன. கடமையை நிறைவேற்றாத நுகர்வோரிடம் அளவுக்கு மீறிய தொகை கேட்பதை அந்த விதிகளே ஓர் உதாரணமாகச் சொல்லின.

இவ்வளவும் சட்டப் புத்தகத்தில் இருந்தும் யாரும் அதை வங்கியின் முகத்துக்கு நேரே நீட்டவில்லை. 38 பவுணுக்காக யார் வழக்குக்குப் போவார்? சொலிசிட்டரிடம் அரை மணித்தியாலம் பேசுவதற்கே அதைவிடக் கூடச் செலவாகும். ஒவ்வொருவரிடமும் சிறிதாக எடுத்தால் ஒருவரும் திரும்பிக் கேட்கமாட்டார் என்பதில்தான் அந்த 260 கோடி நின்றது.

அந்த நம்பிக்கை 2005, 2006ஆம் ஆண்டுகளில் உடைந்தது. சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் சிலரும், தங்கள் சொந்தக் கணக்கில் அடிபட்ட சாதாரண ஆட்களும் வங்கிகளுக்கு வழக்குப் போட்டுக் காசை வாங்கிக்காட்டினார்கள். கிளாஸ்கோவின் கோவன் சட்ட நிலையத்தில் மைக் டெய்லி என்ற சொலிசிட்டர், வங்கிக்கு எழுத வேண்டிய கடிதங்களின் மாதிரிகளை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டார். பத்திரிகையாளர் மார்ட்டின் லூயிஸ் தொலைக்காட்சியில் தோன்றி, நீங்களே எழுதலாம், நீங்களே எழுதுங்கள் என்று விடாமல் சொன்னார். 2006 ஏப்ரலில் ஓ.எஃப்.டி. கடன் அட்டைகளைப் பற்றி ஓர் அறிவிப்பு விட்டது. தவணை தவறியதற்கு 12 பவுணுக்கு மேல் வாங்கினால் அது நியாயமற்றதென்றே கொள்வோம் என்றது. அதுவரை 20, 25 என்று வாங்கிய அட்டை நிறுவனங்கள் சில மாதங்களுக்குள் 12க்கு இறங்கின. அட்டைக்கு ஒரு நீதி, கணக்குக்கு ஒரு நீதியா என்று சனம் கேட்கத் தொடங்கியது.

கடிதங்கள் இலட்சக்கணக்கில் போயின. எங்கள் தெருவிலும் போயின.

வழிமுறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். முதலில் வங்கியிடமிருந்து ஆறு ஆண்டுக் கணக்கு விபரத்தைப் பெற வேண்டும். 1980ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இங்கிலாந்தில் ஆறு ஆண்டு பின்னோக்கிப் போகவிட்டது. ஸ்கொட்லண்டில் ஐந்து ஆண்டு. கணக்கறிக்கைகளை யாரும் ஆறு ஆண்டு பத்திரப்படுத்தி வைப்பதில்லை. அதற்கு ஒரு திறப்பு இருந்தது. 1998ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, தன்னைப்பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் விபரத்தை எவரும் எழுதிக் கேட்க முடிந்தது. 2018 வரை அதற்கு அந்த நிறுவனம் ஆகக்கூடியது 10 பவுண் வாங்க முடிந்தது, 40 நாளுக்குள் கொடுத்தாக வேண்டியிருந்தது. தபாற்கந்தோரில் 10 பவுண் பொஸ்டல் ஓடர் எடுத்துக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் விடுவோம். சிலருக்கு ஒரு பெரிய உறை வந்தது, சிலருக்குப் பெட்டி வந்தது. அந்தச் சட்டத்தை இயற்றியவர்கள் வங்கிக் கட்டணத்தை நினைத்து அதை எழுதியிருக்கமாட்டார்கள். ஆனால் இந்தப் போராட்டத்துக்கு ஆதாரம் தந்தது அந்த 10 பவுண் கடிதம்தான்.

அதன் பிறகு வேலை மேசையில். ஒரு தாளில் நான்கு நிரல்: திகதி, வங்கி எழுதியிருக்கும் விபரம், தொகை, அன்றிலிருந்து இன்றுவரையான நாட்கள். நாட்கள் எதற்கென்றால் வட்டிக்கு. 1984ஆம் ஆண்டின் கவுன்டி நீதிமன்றச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, வழக்குக்குப் போகும்போது ஆண்டுக்கு 8 வீதம் தனிவட்டி கேட்கலாம். கூட்டிப் பார்க்கும்போது பலர் திகைத்துப்போனார்கள். ஒரு மாதம் 38, இன்னொரு மாதம் 66 என்று போனதை யாரும் கூட்டிப் பார்த்ததில்லை. ஆறு ஆண்டில் ஆயிரம், இரண்டாயிரம் என்று நிற்கும். அந்த மொத்தத்தைப் பார்த்த பிறகுதான், தன் பிழைக்குத் தண்டம் கட்டுகிறேன் என்ற வெட்கம் பலருக்குப் போனது. காசில்லாமல் இருந்ததற்காக வெட்கப்பட்டவர்கள், கணக்கெழுதி முடிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டிருக்கிறேன். எங்கள் சனத்துக்கு அந்த நிமிர்வு, திரும்பி வந்த காசைவிடப் பெரிது என்று இன்றும் நம்புகிறேன்.

பிறகு கடிதம். முதற் கடிதத்தில் பட்டியலை இணைத்து, 14 நாளுக்குள் திருப்பித் தரும்படி கேட்பது. பதில் வராவிட்டால் அல்லது மறுத்தால் இரண்டாவது கடிதம், இன்னொரு 14 நாள், இல்லாவிட்டால் வழக்கு. வங்கிகளின் பதில்கள் ஒன்றையொன்று அச்சொட்டாக ஒத்திருந்தன. எங்கள் கட்டணம் சட்டப்படி சரி, நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் இருக்கிறது, ஆயினும் நல்லெண்ண அடிப்படையில் பாதியைத் தருகிறோம் என்று எழுதுவார்கள். பாதியைக் கண்டு பலர் கையெழுத்து வைத்துவிட்டார்கள். மறுத்தவர்கள் என்1 என்ற படிவத்தை நிரப்பி கவுன்டி நீதிமன்றத்தில் கொடுத்தார்கள், அல்லது இணையவழியே வழக்குப் பதிந்தார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு நீதிமன்றக் கட்டணத்திலிருந்து விலக்கும் இருந்தது. வங்கியை எதிர்ப்பதால் கணக்கை மூடிவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது, சிலருக்கு அது நடந்தும் இருக்கிறது. அதனால், சம்பளம் விழ இன்னொரு வங்கியில் கணக்குத் திறந்துவிட்டு முதற் கடிதத்தை விடுங்கள் என்று சொல்வோம்.

வழக்கு நாள் கிட்ட வரும்போது வங்கி பெரும்பாலும் முழுத்தொகையையும் செலுத்திவிடும். பொறுப்பை ஏற்கவில்லை என்ற ஒரு வரியோடு. நீதிபதியின் முன் வந்தால், ஒரு காசோலை திரும்பியதால் உனக்கு உண்மையில் என்ன செலவு என்ற கேள்வி வரும். அந்தக் கணக்கைக் காட்ட எந்த வங்கியும் விரும்பவில்லை. எல்லா வழக்கும் அப்படி முடியவில்லை. 2007 மே மாதம் பர்மிங்காமில் ஒரு வங்கி வந்து வாதாடி வென்றது. அந்தத் தீர்ப்பு வேறு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர்கள் வயிற்றில் புளியைக் கரைத்தது.

இனிச் சொலிசிட்டர் விஷயம். சொலிசிட்டரிடம் கொடுத்தால் நல்லதல்லவா என்று கேட்டவர்கள் அதிகம். எங்கள் ஆட்களில் பலர் அகதி விண்ணப்பத்தால் சொலிசிட்டரை அறிந்தவர்கள். கறுப்புக் கோட்டுக்காரர் எழுதினால்தான் வெள்ளைக்காரன் மதிப்பான் என்ற எண்ணம் ஆழமாக இருந்தது. இந்த விஷயத்தில் சட்டத்தின் அமைப்பே அதற்கு எதிராக இருந்தது. அந்நாளில் 5,000 பவுணுக்குட்பட்ட வழக்குகள் சிறு கோரிக்கைப் பிரிவில் நடந்தன. அந்தப் பிரிவில், வென்றாலும் சொலிசிட்டரின் செலவை மற்றப் பக்கத்திடம் வாங்க முடியாது. தோற்றாலும் வங்கியின் வழக்கறிஞர் செலவு உங்கள் தலையில் விழாது. சாதாரண ஆள் தானாகவே வந்து வாதாட வேண்டும் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு அது. ஆகவே சொலிசிட்டரைப் பிடித்தால் அவருக்கான காசு திரும்பிவரும் காசிலிருந்துதான் போகும்.

இந்த இடைவெளியில் புகுந்தவர்கள்தான் கோரிக்கை முகவர் நிறுவனங்கள். வென்றால் மட்டும் கட்டணம் என்று விளம்பரம் செய்தார்கள். வழக்கமான பங்கு 25 வீதமும் அதன்மேல் வற்றும். 1,600 பவுண் திரும்பினால் 400 அவர்களுக்கு, அந்நாளைய 17.5 வீத வற் 70, ஆக 470 பவுண். செய்யும் வேலை, வாடிக்கையாளர் தானே செய்யக்கூடிய அதே மூன்று கடிதங்கள். இதில் இன்னொரு பொறியும் இருந்தது. கணக்கு ஏற்கெனவே கடனில் இருந்தால், வங்கி திருப்பித் தரும் தொகையை அந்தக் கடனிலேயே கழித்துவிடும். வாடிக்கையாளர் கையில் ஒரு சதமும் வராது, ஆனால் முகவருக்கு 470 பவுண் கையிலிருந்து கொடுக்க வேண்டும். எங்கள் பகுதியில் ஒரு குடும்பம் அப்படி மாட்டிக்கொண்டு, வங்கிக் கட்டணத்தை வென்றதற்காக வட்டிக்குக் கடன் வாங்கியது. 2007 ஏப்ரலில் இருந்துதான் இந்த முகவர்கள் அரசின் மேற்பார்வைக்குள் வந்தார்கள்.

சொலிசிட்டர் எல்லோரும் தேவையற்றவர்கள் என்று சொல்ல வரவில்லை. கோவனில் இருந்தவரும் சொலிசிட்டர்தான். வீடு பறிபோகும் நிலையில் இருப்பவருக்கும், கடன் வழக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவருக்கும் சட்டம் படித்தவர் துணை வேண்டும். அவர்களைச் சட்ட நிலையத்துக்கோ சிற்றிசன்ஸ் அட்வைஸ் பணிமனைக்கோ அனுப்புவோம். அங்கே காசு வாங்கமாட்டார்கள்.

2007 ஜூலை 27ஆம் திகதி எல்லாம் நின்றது. ஓ.எஃப்.டி.யும் ஏழு வங்கிகளும் நேஷன்வைட் கட்டடச் சங்கமும் சேர்ந்து, இதை ஒரு பரீட்சார்த்த வழக்காக உயர் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்வோம் என்று உடன்பட்டன. வங்கிகளை அப்போது மேற்பார்வை செய்த நிதிச் சேவைகள் அதிகாரசபை, அந்த வழக்கு முடியும்வரை முறைப்பாடுகளுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று வங்கிகளுக்கு விலக்களித்தது. நாடெங்கும் கவுன்டி நீதிமன்றங்கள் வழக்குகளை நிறுத்திவைத்தன. அன்றைக்கு முன் முடித்தவருக்குக் காசு வந்தது. அன்றைக்குப் பின் நின்றவர் இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்தார். பொருளாதார நெருக்கடியில் இருப்பவர்களின் முறைப்பாட்டை மட்டும் வங்கிகள் தொடர்ந்து கவனிக்க வேண்டியிருந்தது. காத்திருந்த காலத்திலும் கட்டணம் வாங்குவதை யாரும் நிறுத்தவில்லை.

அந்த இரண்டு ஆண்டு எங்களுக்கு எப்படிப்பட்ட ஆண்டு என்பதை ஈழத்தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. 2008இன் கடைசியிலும் 2009இன் முதற் பாதியிலும் சம்பளத்தில் பெரும்பங்கு போருக்குள் அகப்பட்டு வன்னியில் இருந்த சொந்தங்களுக்காகவும், அங்கிருந்து தப்பி வந்தவர்களுக்காகவும் உண்டியலில் போனது. ஏப்ரலில் இருந்து, போரை நிறுத்தக் கேட்டு நாடாளுமன்றச் சதுக்கத்தில் இரவு பகலாக நின்றவர்கள் பலர் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். கணக்கில் காசு இருக்கவில்லை. வாடகையும் வரியும் வழமைபோல் வந்தன, திரும்பின, ஒவ்வொன்றுக்கும் கட்டணம் போனது. அந்த மாதங்களின் கணக்கறிக்கைகளில், தன் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் இருந்த ஒரு தாயின் பெயருக்கு நேரே 35, 35, 28 என்று வரிசையாக நின்றதை நான் பார்த்தேன். கணினிக்கு அவரைத் தெரியாது. அவரைத் தெரிந்துகொள்ளும் கடமையும் இல்லை என்பதே அந்த ஒப்பந்தம்.

வழக்கு மேலே போனது. 2008 ஏப்ரல் 24இல் உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் அன்ட்ரூ ஸ்மித், நடைமுறையில் இருந்த நிபந்தனைகள் பொதுச் சட்டத்தின்படி தண்டமல்ல, ஆனால் 1999ஆம் ஆண்டு விதிகளின் கீழ் அவற்றின் நியாயத்தை ஆராயலாம் என்றார். 2009 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வங்கிகள் பிரபுக்கள் சபைக்குப் போயின; ஜூன் மாதம் விசாரணை. தீர்ப்பு வருவதற்குள் பிரபுக்கள் சபையின் நீதி அதிகாரம் முடிவுக்கு வந்து, ஒக்டோபரில் புதிய உச்ச நீதிமன்றம் திறந்தது. அந்தக் கட்டடம், எங்கள் சனம் அந்த ஆண்டு நின்ற அதே நாடாளுமன்றச் சதுக்கத்தின் ஒரு பக்கத்தில் இருக்கிறது. 2009 நவம்பர் 25இல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக வங்கிகளுக்குச் சார்பாகத் தீர்த்தார்கள்.

தீர்ப்பின் காரணத்தைச் சனம் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. இந்தக் கட்டணங்கள் நியாயமானவை என்று உச்ச நீதிமன்றம் சொல்லவேயில்லை. அது எங்கள் முன் உள்ள கேள்வியல்ல என்று வாக்கர் பிரபு வெளிப்படையாகவே சொன்னார். ஒரு பொருளுக்கோ சேவைக்கோ உள்ள விலை பொருத்தமானதா என்று நீதிமன்றம் பார்க்கக்கூடாது என 1999ஆம் ஆண்டு விதிகளில் ஒரு விலக்கு இருந்தது. இலவசக் கணக்கு என்று சொல்லப்பட்ட அந்தச் சேவைக்கு இந்தக் கட்டணங்களும் விலையின் ஒரு பகுதி, ஆகவே அவற்றின் அளவை அந்த வழியில் கேள்வி கேட்க முடியாது என்பதே தீர்ப்பு. வருமானத்தில் பத்தில் மூன்று பங்கு வருவதே அது விலை என்பதற்குச் சான்றாயிற்று. இது மாறவேண்டுமானால் அது நாடாளுமன்றத்தின் வேலை என்ற கருத்தும் தீர்ப்பில் இருந்தது. டிசம்பரில் ஓ.எஃப்.டி. வழக்கைக் கைவிட்டது. நிறுத்திவைத்த இலட்சக்கணக்கான கோரிக்கைகளை வங்கிகள் ஒரே மாதிரியான கடிதத்தால் தள்ளுபடி செய்தன.

சட்டத்தில் தோற்றோம். ஆனால் நடைமுறையில் வங்கிகள் பழைய இடத்துக்குத் திரும்ப முடியவில்லை. தீர்ப்புக்கு முன்னரே, 2009இல், ஒரு பெரிய வங்கிக் குழுமம் திரும்பிய காசோலைக்கான கட்டணத்தை 38 பவுணிலிருந்து 5 பவுணாக இறக்கியது. 38 பவுண் தேவையான செலவென்றால் அது எப்படி 5 ஆகும்? வேறு சில வங்கிகள் நாளாந்தக் கட்டணத்துக்கு மாறின, அதுவும் ஏழையைத்தான் வாட்டியது. 2015இல் வந்த நுகர்வோர் உரிமைகள் சட்டம், விலை என்று சொல்லித் தப்ப வேண்டுமானால் அந்த விலை தெளிவாகவும் கண்ணில் படும்படியாகவும் இருக்க வேண்டும் என்றது. கடைசியில், இப்போது வங்கிகளை மேற்பார்வை செய்யும் நிதி நடத்தை அதிகாரசபை, அனுமதியற்ற மேலதிகப்பற்றுக் கட்டணத்தில் பாதிக்கு மேல் வெறும் 1.5 வீத வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது என்று கண்டது. அது விதித்த தடையால் 2020 ஏப்ரல் 6 முதல் மேலதிகப்பற்றுக்கு நிலையான நாள் கட்டணமோ மாதக் கட்டணமோ வாங்க முடியாது, அனுமதியற்றதற்கு அனுமதித்ததைவிடக் கூட வாங்க முடியாது. ஆண்டுக்கு இத்தனை வீதம் என்ற ஒற்றை வட்டி மட்டும். பெரும்பாலான வங்கிகள் அதை 40 வீதத்துக்கு அண்மையில் வைத்தன. அது கூடத்தான். ஆனால் 19 பவுண் கடனுக்கு ஒரு மாதத்து வட்டி 40 வீதத்திலும் ஒரு பவுணுக்குக் குறைவு. அந்த அக்காவிடம் ஒரே மாதத்தில் 142 பவுண் எடுத்த முறை இன்று சட்டப்படி முடியாது.

முகவர்களைப் பற்றிய பாடத்தைப் பின்வந்த பிபிஐ விவகாரம் இன்னும் பெரிதாக எழுதியது. கடனோடு தேவையில்லாத காப்புறுதியை விற்றதற்காக வங்கிகள் மொத்தம் ஏறக்குறைய 3,800 கோடிப் பவுண் திருப்பிக் கொடுத்தன. 2011 ஏப்ரலுக்கும் 2015 நவம்பருக்கும் இடையில் கொடுக்கப்பட்ட 2,220 கோடியில் 380 கோடிக்கும் 500 கோடிக்கும் இடைப்பட்ட தொகை முகவர்களிடம் போனது என்று தேசியக் கணக்காய்வு அலுவலகம் மதிப்பிட்டது. அதையெல்லாம் ஒரு படிவத்தால் கேட்டிருக்கலாம். 2018இல்தான் அவர்கள் பங்குக்கு 20 வீதம் என்ற உச்சவரம்பு வந்தது.

வரலாற்றைப் புத்தகத்தில் எழுதுகிறவர்கள் இதை ஓ.எஃப்.டி. எதிர் அபே நேஷனல் என்ற வழக்கின் பெயரால் எழுதுவார்கள். நான் அதைக் கடிதங்களின் வரலாறு என்பேன். அரச அமைப்பு வழக்குக்குப் போனது, இலட்சக்கணக்கானவர்கள் முதலில் எழுதியதால். அந்த எழுத்து இருந்திராவிட்டால் 2020இன் தடை வந்திருக்காது.

இன்று வங்கி எடுத்த ஏதாவது ஒரு தொகை நியாயமில்லை என்று பட்டால், முதலில் வங்கிக்கே எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், நிதி ஒம்புட்ஸ்மனிடம் போங்கள். இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அந்தச் சேவைக்குக் காசில்லை, ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். வென்றால் பங்கு தாருங்கள் என்று தொலைபேசியில் அழைப்பவருக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். வங்கிக்கு எழுதும் முதற் கடிதத்துக்குச் சொலிசிட்டர் தேவையில்லை. திகதியும் தொகையும் சரியாக இருந்து, கீழே உங்கள் கையெழுத்து இருந்தால் போதும்.